மேல் பாதி திறக்காத ஜன்னல்

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் விசாரணை. கண்ணாடிக்கு மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஆகவே அதுதான் அவள் பெயர் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். டிரைவர், கண்டக்டர், செருப்பு தைப்பவர், வெள்ளரிப் பிஞ்சு விற்பவர் எல்லோருக்கும் அவள் "விசாரணை அம்மா"தான். இத்தனைக்கும் அவள் வாழ்க்கையில் யாரையும் எதையும் விசாரித்தவள் இல்லை. கேட்பது மற்றவர்கள் வேலை, பதில் சொல்வது அவள் வேலை.

அந்தக் கண்ணாடி மேலேயிருந்து இறங்கி வரும் அசையாத ஒரே தகடு. அடியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு இடைவெளி. வெளியே நிற்பவர்கள் குனிந்து அந்த இடைவெளியில் வாயை வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவள் குனிந்து அதே இடைவெளியில் வாயை வைத்துச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, அவனுக்குக் கழுத்து என்று ஒன்று இருந்திருக்காது. அவளுக்கு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நேராக இருந்த கழுத்து, மகனுக்குக் கல்யாணமாகி அவன் தனியாகப் போன காலத்தில், நிமிர்ந்து நின்றாலும் கொஞ்சம் முன்னால் தொங்க ஆரம்பித்திருந்தது.

வேலையில் அவள் கெட்டி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "மலைக்குப் போற..." என்று ஒருவர் இழுத்தால், "நாலாவது மேடை, பச்சை வண்டி, கிளம்பப் போகுது, ஓடுங்க!" என்று அவரை ஓட வைத்துவிடுவாள். கூட்டம் நிற்கிறது, நின்று நிதானமாகப் பேச அது என்ன கல்யாண வீடா? மேலதிகாரி ஒருவர் புதிதாக வந்தவர்களை அழைத்து வந்து, "இந்த அம்மா எப்படிப் பதில் சொல்றாங்கன்னு பாத்துக் கத்துக்குங்க" என்று காட்டினார். அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. மனுஷி கடைசியாகக் குளிர்ந்தது அப்போதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே அறையில் பக்கத்து நாற்காலியில் வண்டிகளை ஒலிபெருக்கியில் அறிவிப்பவள் மைக் அக்கா. வாயாடி. மைக்கை அணைத்த பிறகும் அவள் குரல் இரண்டு மேடைகளுக்குக் கேட்கும்.

"ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் வண்டி ஏத்தி விடுறியே, நீ எங்கயாவது போயிருக்கியாடி?" என்று அவள் அடிக்கடி சீண்டுவாள்.

"வீட்டுக்குப் போறேன், வர்றேன். அது போதாதா?"

"போதும் போதும். மூணாவது ஸ்டாப்புல இறங்குறதெல்லாம் ஒரு பிரயாணமா?"

மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, சந்து திரும்பினால் மாடி வீடு. அங்கே இருப்பவர் அவள் கணவர், டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே ஓய்வு பெற்ற மனிதர். பிள்ளைகள் கிடைக்காமல் போனதும் வீட்டுச் சாமான்களை நிறுத்த ஆரம்பித்தார். செருப்புகள் வாசலில் உயரப்படி நிற்கும். டம்ளர்களின் விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கும். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் ஒன்று சொன்னால் அது சொன்னதுதான். அவர் எதையும் அவளிடம் கேட்டதில்லை, அறிவிப்பார். பெண் பார்க்க வந்தபோதும் சரி, பெண்ணிடம் பிடித்திருக்கிறதா என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்தது சமையலறை ஜன்னல். பழைய மர ஜன்னல், நாலு கதவு வைத்தது. கீழே இரண்டு, மேலே இரண்டு. ஜன்னலை ஒட்டினாற்போல் சமையல் மேடை, மேடைமேல் அடுப்பு. கீழ்க் கதவைத் திறந்தால் தெருக் காற்று நேராக வந்து அடுப்பை அணைக்கும். அதனால் கீழ் இரண்டும் எப்போதும் சாத்தியிருக்கும், மேல் இரண்டும் எப்போதும் திறந்திருக்கும். புகையும் ஆவியும் மேலே ஏறி அப்படியே வெளியே போய்விடும். அது மட்டும் இல்லை. மேல் கதவு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. நாள் முழுக்கக் குனிந்தவள் அங்கே நிமிர்ந்து நிற்பாள். தூரத்தில் மேம்பாலத்தில் வெளியூர் வண்டிகள் திரும்புவது தெரியும். இது மலை வண்டி, இது கடற்கரை வண்டி என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். முகத்தில் காற்று படும். அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குப் போய் ஒருத்தி உயிரை வைப்பாளா என்றால், அவள் வைத்திருந்தாள்.

மழைக்காலத்தில் ஜன்னல் மரம் ஊறி உப்பிப் போயிற்று. ஒரு நாள் காற்றில் கூடத்து ஜன்னலின் கதவு ஒன்று கழன்று தெருவில் விழுந்தது. கீழே நின்றிருந்த ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்தது, ஸ்கூட்டர்காரர் மாடியைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. டிரில் மாஸ்டர் அன்றைக்கே அறிவித்தார்.

"எல்லா ஜன்னலையும் மாத்துறோம். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற கதவே இனிமே இந்த வீட்ல கூடாது."

கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தால் ஜன்னல்கள் சுவரே இல்லாமல் தனித்தனியாக நின்றன. பக்கவாட்டில் நகர்வது, கதவு போல் விரிவது, மேலிருந்து சாய்வது என்று வகைக்கு ஒன்று. கடைக்காரர் இளவயதுக்காரர், வாயெல்லாம் சிரிப்பு.

"சார் கேக்கிற மாதிரி வெளிய நீட்டாம வேணும்னா, இதான் சார். சிங்கிள் ஹங். மேல் பாதி சட்டத்தோட அசையாம நிக்கும். கீழ்ப் பாதி மட்டும் இப்படி மேல போகும்." அவர் இரண்டு விரலால் தூக்க, கீழ்க் கண்ணாடி சத்தமில்லாமல் ஏறி மேல் கண்ணாடியின் முதுகோடு ஒட்டி நின்றது.

டிரில் மாஸ்டருக்கு அது பிடித்துப் போயிற்று என்பதை முகமே சொன்னது. அடங்கிய ஜன்னல், இடத்தை விட்டு வெளியே வராத ஜன்னல். கூடம், படுக்கையறை, சமையலறை மூன்றும் தெருப் பக்கம். மூன்றும் ஒன்று போல் நின்றால் கீழேயிருந்து பார்க்க எப்படி இருக்கும்! அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார்.

அவள் அந்த ஜன்னலுக்கு மறுபக்கம் போய் நின்றிருந்தாள். மேலே அசையாத கண்ணாடி, கீழே திறந்த இடைவெளி. டிரில் மாஸ்டர் இந்தப் பக்கம் குனிந்து, அடிச்சட்டத்தைத் தடவிப் பார்க்கத் தலையை உள்ளே நீட்டினார். அவ்வளவுதான், அவள் கழுத்து தானாகக் குனிந்தது, வாய் தானாகத் திறந்தது.

"எந்த ஊருக்குப் போகணும்?"

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரில் மாஸ்டரும் சிரித்தார். "இருபத்தி நாலு மணி நேரமும் டூட்டிதான் இவளுக்கு" என்றார். அவளும் சிரித்தாள். ஆனால் பேருந்து நிலையத்துக் கண்ணாடியை வீட்டுக்கே கொண்டு வரப்போகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, சமையலறைக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"சமையலறைக்கும் இதேதான். ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு ஒரு மாதிரின்னா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கேள்வியாக இருந்திருந்தால் பதில் சொல்லலாம். இது கேள்வி இல்லை.

மறுநாள் மைக் அக்காவிடம் சொன்னாள். மைக் அக்கா மைக்கை அணைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடுப்பு இருக்குறது கீழ. திறக்குறதும் கீழயா? அப்ப அதைத் திறக்கவே முடியாதே! மேல திறக்காது, கீழ திறக்க முடியாது. அதுக்கு எதுக்குடி ஜன்னல்? சுவத்துல கண்ணாடி ஒட்டி வச்சுக்கோ! உன் வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு கேக்கலையே."

"கேட்டாதான் சொல்லுவியா? உன் வாய்க்கு யாராவது டோக்கன் போட்டு வச்சிருக்காங்களா?"

சொல்லத்தான் நினைத்தாள். சாயங்காலம் பரிமாறும்போது, "என்னங்க, அந்த அடுப்புக்கு மேல..." என்றாள். அவர் அளவு நாடாவோடு எழுந்துவிட்டார். அளவு எடுக்கக் கடைக்காரர் ஆள் அனுப்புவதாகச் சொன்னதை அவர் ஏற்கவில்லை. மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்ட கை, மூன்று ஜன்னலை அளக்காதா? கூடத்தை அளந்தார், படுக்கையறையை அளந்தார். சமையலறையில் அடுப்பு தடுத்தது. அடுப்பை நகர்த்துவது பெரிய வேலை என்று, மேடைமேல் நாடாவை ஊன்றி அங்கிருந்து மேலே அளந்தார். ஜன்னலின் அடிச்சட்டமோ மேடைக்குப் பின்னால் ஒரு சாண் கீழே இறங்கி இருந்தது. இத்தனை வருஷமாக அந்த அறைக்கு வாசலோடு திரும்பிப் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லும்போது குறுக்கே பேசினால் பிடிக்காது.

பொருத்துகிற ஆட்கள் வந்தார்கள். பழைய ஜன்னல்களைப் பெயர்த்தார்கள். கூடத்திலும் படுக்கையறையிலும் புதியவை பிசகாமல் உட்கார்ந்தன. சமையலறை ஜன்னலைத் தூக்கி வைத்தார்கள், அது ஓட்டைக்குள் அப்பாவின் சட்டையை மாட்டிய பிள்ளை போல் ஆடியது. மேஸ்திரி டிரில் மாஸ்டரைப் பார்த்தார். டிரில் மாஸ்டர் நாடாவைப் பார்த்தார்.

"நாடா சரியில்லை" என்றார்.

புதிதாகச் செய்து வரும்வரை சமையலறையில் ஜன்னல் இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. கீழ்ப் பகுதியில் அவள் பழைய மரப் பலகை ஒன்றை நிறுத்தி அடுப்புக்குக் காற்று மறைத்துக்கொண்டாள். மேலே முழுவதும் வானம். கதவும் இல்லை, சட்டமும் இல்லை. சமைக்கும்போது காற்று தலைமுடியைக் கலைத்தது. ஒரு குருவி வந்து பலகைமேல் உட்கார்ந்து, இவளைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்று போய்விட்டது. அவள் எக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். தெருவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தெரிந்தது. இத்தனை நாள் இதே வீட்டில் இருக்கிறாள், தெருவுக்கு ஒரு முடிவு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தச் சில நாட்கள் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது?

டிரில் மாஸ்டருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. திறந்த வீடு, யார் வேண்டுமானாலும் ஏறி வரலாம். பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கி வந்து, ஓட்டையை மேலிருந்து கீழ் வரை இறுக்கிக் கட்டினார். ஒரு நாள் அவள் காலை டூட்டிக்குப் போய்த் திரும்பியபோது விரிப்பு அவிழ்ந்து தரையில் கிடந்தது. சட்டி தீய்ந்திருந்தது. டிரில் மாஸ்டர் பால்கனியில் கண் சிவந்து நின்றிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"கண்ல தூசி விழுந்துடுச்சு."

அப்புறம் அந்த விரிப்பை அவர் திரும்பக் கட்டவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டியைத் தேய்க்கிற வேலை இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பாலத்தில் லாரி கவிழ்ந்து வண்டிகள் எல்லாம் நின்றுபோன காலை. கண்ணாடிக்கு முன்னால் ஜனம் நெருக்கியடித்தது. மைக் அக்கா தொண்டை கிழிய அறிவித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து விசாரணை அம்மாவின் கைபேசி அடித்தது. கண்ணாடிக் கடைக்காரர்.

"மேடம், அந்தச் சமையலறை ஜன்னல் விஷயமா..."

"மத்தது எப்படியோ அப்படியே போட்டுடுங்க!"

கேள்வி முடியவில்லை, பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. மலை வண்டிக்குச் சொல்வது போலவே சுருக்கமாக, தெளிவாக.

"அப்படீங்களா? சரிங்க மேடம். சார் நேத்து வந்து, 'அந்த ஒரு ஜன்னல் மட்டும் அவங்க இஷ்டம், அவங்களையே கேட்டுக்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. கதவு மாதிரி உள்பக்கம் திறக்குறது, மேல்பக்கம் சாயிறது, எது வேணும்னாலும் செய்யலாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்களே இதான்னு சொல்லிட்டீங்க. இன்னைக்கே வெட்டிடுறோம்."

கைபேசி அணைந்தது. அவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் உதடு அசைவது தெரிந்தது, எதுவும் காதில் விழவில்லை.

டிரில் மாஸ்டர் கேட்கச் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவள் இஷ்டம் என்ன என்று ஒருவர் கேட்க நினைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் கண்ணில் விழுந்தது தூசி இல்லை, வெளியேற வழியில்லாத அடுப்புப் புகை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் மைக் அக்கா. விஷயத்தைக் கேட்டதும் துள்ளினாள். "உடனே திருப்பிக் கூப்பிடு! இப்பவே! மேல திறக்குறது வேணும்னு சொல்லு!"

"கூட்டம் நிக்குது அக்கா."

"நிக்கட்டும்! எங்கயும் வண்டி போகலை, அவங்களும் போக மாட்டாங்க!"

"டூட்டி முடியட்டும்."

மைக் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அதிகாரி மேடை மாற்றத்தை அறிவிக்கச் சொல்லி வந்துவிட்டார். விசாரணை அம்மா குனிந்தாள், பதில் சொன்னாள், குனிந்தாள், பதில் சொன்னாள். சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான்: மாத்திக்கணும், மேல திறக்குற மாதிரி வேணும். ஆனால் அது பதில் இல்லை. அவளே ஆரம்பிக்க வேண்டிய பேச்சு. நாள் முழுக்க அதை வாய்க்குள் வைத்து உருட்டினாள், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

டூட்டி முடிந்து, பேருந்து நிலையத்துக்கு வெளியே தூண் ஓரமாக நின்று கூப்பிட்டாள்.

"சொல்லுங்க மேடம்."

"அந்த ஜன்னல்..."

"ஆயிடுச்சு மேடம்! மத்தியானமே கண்ணாடி வெட்டி சட்டத்துல ஏத்தியாச்சு. நாளைக்கு ஆள் வந்துடுவாங்க. வேற ஏதாவது இருக்கா மேடம்?"

இப்போது அவர் கேட்கிறார், நிஜமாகவே கேட்கிறார். அவள் தூணில் ஒட்டியிருந்த பழைய சுவரொட்டியை நகத்தால் சுரண்டினாள்.

"ஒண்ணும் இல்லை" என்றாள்.

வீட்டில் டிரில் மாஸ்டர் கூடத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற இடத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல் கேட்டார்.

"கடையிலேர்ந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொன்ன?"

"மத்தது மாதிரியே போடச் சொல்லிட்டேன்."

துடைத்த கை நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்தார். வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாளா என்று அவர் காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. இதுதான் சந்தர்ப்பம், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், இந்த மனிதர் இன்றைக்கு மட்டும் கேட்பார், சட்டத்தையே உடைத்துத் திருப்பி அனுப்பச் சொன்னாலும் அனுப்புவார். அவள் கைப்பையை ஆணியில் மாட்டப் போனாள். அவர் முகத்தில் இருந்த அந்தத் தயக்கம் மெல்லக் கரைந்து, பழைய மாஸ்டர் திரும்பி வந்தார்.

"நீ வேற மாதிரி கேப்பன்னு நினைச்சேன். பரவாயில்லை, உனக்கே புரிஞ்சிடுச்சு. வரிசைன்னா வரிசைதான்" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஜன்னல் வந்தது. அளவு கச்சிதம். ஆட்கள் பசை தடவி, ஓரம் துடைத்து, பழைய பலகையை அவள் கேட்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டிரில் மாஸ்டர் தெருவில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். எண்ணெய் காய்ந்து புகை எழுந்தது. நேராக மேலே போய், போக இடமில்லாமல் கண்ணாடியில் மோதி அவள் முகத்துக்கே திரும்பியது. மேம்பாலத்தில் வண்டி ஒன்று திரும்புவது மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வீட்டுக்கு எதற்கு வர வேண்டும், அங்கேயே இருந்துவிடலாமே என்று நினைத்தாள். இருமல் வந்தது. கீழ்க் கண்ணாடியைத் தூக்கினாள். அது நன்றாகத்தான் ஏறியது. காற்று உள்ளே பாய்ந்தது, அடுப்பு அணைந்தது.

கேஸை மூடிவிட்டு, மேடைமேல் கையை ஊன்றி, கழுத்தை வளைத்துக் குனிந்து, அந்த இடைவெளியில் முகத்தை வைத்தாள். கீழே தெருவிலிருந்து டிரில் மாஸ்டர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டார்.

"இங்கேர்ந்து பிரமாதமா இருக்கு! உள்ள உனக்கு எப்படி..."

"நல்லா இருக்கு!" என்றாள் அவள்.